காலை முளையில் கட்டிப்போட்டு பேட்டிங் பழகியவர்... ரஞ்சி டிராபிக்குப் பெயர் தந்த ரஞ்சி யார்?

விருதுநகர், சிவகாசி பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்தக் காலி மைதானத்துக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கரிசல் மண் காய்ந்து, வெடித்து, இறுகிக் கிடக்கும். கார்க் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் தூரத்திலிருந்து வேகமாக ஓடி வருவார். பேட்டிங் பிடிக்கிற பையன், பந்து அவர் கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாடியே வலது காலை லெக் சைடு பக்கம் இழுத்துவிடுவான். மூன்று ஸ்டம்பும் பளிச்சென்று தெரியும். அடுத்த நொடி போல்டு.

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பயந்தாங்கொள்ளி என்று பேர் விழும். அடுத்த வாரம் அவனுக்குப் பேட்டிங் ஆர்டரில் கடைசி இடம், இல்லையென்றால் பவுண்டரியில் பந்து பொறுக்குகிற வேலை. எத்தனையோ பேருடைய கிரிக்கெட் ஆசை அந்த ஒரு காலோடு முடிந்துபோகிறது.

இதே பழக்கம், இதே பயம் ஒரு பையனுக்கு 130 வருடங்களுக்கு முன்னால் இருந்தது. அவர் பெயரில்தான் இன்று இந்தியாவின் முதன்மையான உள்நாட்டு கிரிக்கெட் கோப்பை நடக்கிறது. ஆம், ரஞ்சி டிராபி. பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த ரஞ்சி யார், அவர் காலை எப்படிச் சரி செய்தார்கள் என்பது பலருக்கும் தெரியாது.

யார் இந்த ரஞ்சி?

முழுப்பெயர் ரஞ்சித்சிங்ஜி. 1872-ம் ஆண்டு செப்டம்பர் 10-ம் தேதி, இன்றைய குஜராத்தின் கத்தியவார் பகுதியில் உள்ள சரோதர் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்போது அந்தப் பகுதி நவாநகர் என்ற சமஸ்தானம். அதன் தலைநகர்தான் இன்றைய ஜாம்நகர்.

ரஞ்சி நேரடி இளவரசர் இல்லை. ராஜ குடும்பத்தின் ஒரு கிளையைச் சேர்ந்தவர், அவ்வளவுதான். அப்போதைய மன்னர் ஜாம் விபாஜி தன் மகனை வாரிசு இல்லை என்று ஒதுக்கிவிட்டு, 1878-ல் சின்னப் பையனான ரஞ்சியை வாரிசாக எடுத்துக்கொண்டார். நான்கே வருடத்தில் கதை மாறியது. 1882-ல் மன்னருக்கு இன்னொரு மகன் பிறந்தான். ரஞ்சி ஓரங்கட்டப்பட்டார். அப்போது அவருக்கு வயது 10.

அரண்மனை கைவிட்டுப் போனாலும் படிப்பு நிற்கவில்லை. ராஜ்கோட்டில் சமஸ்தானத்துப் பிள்ளைகளுக்காக வெள்ளைக்காரர்கள் நடத்திய ராஜ்குமார் கல்லூரியில் படித்தார். அதன் முதல்வர் செஸ்டர் மக்நாட்டன் கிரிக்கெட் பிரியர். ரஞ்சி கையில் பேட் வந்தது அங்கேதான். 1888-ல் மக்நாட்டனே அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். கொஞ்ச நாளில் கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ராஜ்கோட்டில் அவர் பெரிய ஆட்டக்காரர். இங்கிலாந்தில் அப்படி இல்லை. அங்கே பந்து வேகமாக வந்தது. ஹெல்மெட் கிடையாது. மழையில் நனைந்த பிட்ச்சை மூடி வைக்கும் வழக்கமும் கிடையாது. பந்து எப்போது எகிறும், எப்போது தரையோடு போகும் என்று தெரியாது. ஒல்லியான உடம்புள்ள அந்தப் பையன், வேகப்பந்து வந்தாலே வலது காலை லெக் சைடுக்கு இழுத்தார்.

கால் ஏன் ஓடுகிறது?

கால் ஓடுவது கோழைத்தனம் இல்லை. நம் மேல் ஒரு பொருள் வேகமாக வந்தால் உடம்பு தானாக விலகும். ரோட்டில் திடீரென்று பைக் வந்தால் நாம் யோசித்துவிட்டா ஒதுங்குகிறோம்? அதேதான். பிரச்சினை என்னவென்றால், பேட்டிங் இந்த இயல்புக்கு நேர் எதிரான வேலை. பந்து வரும் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் அதை அடிக்க முடியும்.

வலது கை பேட்ஸ்மேன் ஒருவர் வலது காலை லெக் சைடுக்கு நகர்த்தினால் வரிசையாகச் சில விஷயங்கள் நடக்கும். முதலில் தலை சாயும். தலை மனித உடம்பில் கனமான பகுதி. அது எந்தப் பக்கம் சாய்கிறதோ, மொத்த எடையும் அந்தப் பக்கம் போகும். எடை லெக் சைடுக்குப் போனதும் கை மட்டும் பந்தைத் தேடி ஆஃப் சைடுக்கு நீளும். பேட் நேராக வராமல் குறுக்கே வரும். பந்து விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும், அல்லது பேட்டுக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைத் தூக்கும். அதாவது தப்பு நடப்பது கையில் இல்லை, அதற்கு அரை நொடி முன்னால் காலில்.

ஃபுட்வொர்க், பேலன்ஸ் என்று கோச்கள் இரண்டு வார்த்தையைச் சேர்த்தே சொல்வது இதனால்தான். கால் நகர்வது பந்தின் பக்கம் போக. பேலன்ஸ் என்பது, போன பிறகு தலை கால்களுக்கு மேலேயே இருப்பது. ஒன்று இருந்து இன்னொன்று இல்லையென்றால் பிரயோஜனம் இல்லை.

இன்று டி20-ல் லெக் சைடு ஒதுங்கி கவருக்கு மேல் தூக்குகிறார்களே, அது தப்பு இல்லையா என்று கேட்கலாம். இல்லை. அவர்கள் அடிக்க இடம் உண்டாக்குவதற்காக, முடிவு செய்துவிட்டு நகர்கிறார்கள். நகர்ந்த பிறகும் தலை அசையாமல் பந்தைப் பார்க்கிறது. பயத்தில் இழுக்கிற காலும் திட்டம் போட்டு நகர்த்துகிற காலும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும். தலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

முளைக்குச்சியும் கயிறும்

கேம்பிரிட்ஜில் ரஞ்சி ஒரு காரியம் செய்தார். தொழில்முறை பவுலர்களுக்குக் காசு கொடுத்து, தனக்கு மட்டும் பந்து போடச் சொன்னார். சாதாரண ஆட்கள் இல்லை. டாம் ரிச்சர்ட்சன், பில் லாக்வுட் மாதிரி இங்கிலாந்தின் முதல் தர வேகப்பந்து வீச்சாளர்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. எந்தப் பந்தைப் பார்த்துப் பயமோ, அதையே மணிக்கணக்கில் ஆடுவது என்று முடிவு.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் டான் ஹேவர்ட். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய டாம் ஹேவர்டின் அப்பா. ரஞ்சியின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சொல்லிப் பார்த்துச் சலித்த ஹேவர்ட், கடைசியில் நம்ம ஊரில் மாட்டை முளையடித்துக் கட்டுவது மாதிரி, ரஞ்சியின் வலது காலைத் தரையோடு சேர்த்துக் கட்டிவிட்டார். இது நடந்தது 1892 வாக்கில் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள்.

இங்கேதான் ட்விஸ்ட். வலது கால் கட்டுண்டு நிற்கிறது. ஆனால் உடம்புக்குள் இருக்கும் நகரும் ஆசை போகவில்லையே! அது இடது காலுக்கு வந்தது. பந்து வரும்போது ரஞ்சியின் இடது கால் நேராக முன்னால் போகாமல், குறுக்கே ஆஃப் சைடுக்கு, பாயிண்ட் திசைக்கு நகர்ந்தது. அந்த நிலையில் உடம்புக்கு வரும் பந்தை மணிக்கட்டைத் திருப்பி லேசாகத் தொட்டால், அது காலுக்குப் பின்னால் ஃபைன் லெக் பக்கம் ஓடியது.

லெக் கிளான்ஸ் என்று இன்று நாம் சொல்லும் ஷாட் இப்படித்தான் ரஞ்சி கைக்கு வந்தது. அவருக்கு முன்னால் யாருமே அந்தப் பக்கம் பந்தைத் தட்டியதில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதை நம்பி ரன் எடுக்கும் ஷாட்டாக, பவுலர்கள் பார்த்து எரிச்சல்படும் ஷாட்டாக மாற்றியவர் அவர்தான்.

அந்த ஷாட் எப்படி வேலை செய்கிறது?

அந்தக் காலத்து இங்கிலாந்து ஆட்டம் பெரும்பாலும் ஆஃப் சைடு ஆட்டம். முன்னால் காலை நீட்டி, கவர் பக்கம் அழகாக டிரைவ் பண்ணுவதுதான் கௌரவம். லெக் சைடு பக்கம் திருப்புவதை மரியாதையான ஷாட்டாகப் பலர் நினைக்கவில்லை. அதனால் அந்தப் பக்கம் ஃபீல்டர்களும் குறைவு. மிடில் ஸ்டம்புக்கும் லெக் ஸ்டம்புக்கும் வரும் நல்ல பந்தையே ரஞ்சி அங்கே தட்டிவிட்டபோது, பவுலர்களுக்கு எங்கே போடுவது என்றே புரியவில்லை.

இதில் பலம் தேவையில்லை. வேகம் பவுலருடையது, பேட்ஸ்மேன் அதன் திசையை மட்டும் மாற்றுகிறார். ஆனால் பேலன்ஸ் ரொம்ப முக்கியம். தலை பந்தின் கோட்டுக்கு மேலே இல்லாமல் ஆஃப் சைடுக்கு விழுந்துவிட்டால், பந்தைத் தவறவிடுவார். கால் ஸ்டம்புக்கு முன்னால் இருப்பதால் நேராக எல்.பி.டபிள்யூ. ரஞ்சியைப் பார்த்து இந்த ஷாட்டை முயன்ற பலர் அப்படித்தான் வெளியேறினார்கள்.

ரஞ்சி போகப் போக இதைப் பின்காலில் நின்றும் ஆடினார். பந்து பிட்ச் ஆன பிறகு எவ்வளவு தாமதமாக முடியுமோ அவ்வளவு தாமதமாகப் பேட்டைக் கொண்டுவந்தார். பின்காலில் ஆடினால் பந்தைப் பார்க்கக் கூடுதல் நேரம் கிடைக்கும். முன்பு பயந்து ஓடிய அதே வலது கால், இப்போது அவருடைய எடை முழுவதையும் தாங்கும் தூணாக ஆகிவிட்டது.

சரி, நாமும் காலைக் கட்டலாமா?

வேண்டாம். கால் கட்டியிருக்கும்போது உடம்பு திரும்பினால் முழங்கால் பிசகும். ஹேவர்ட் செய்ததன் நோக்கம் கால் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியவைப்பது. அதைக் கயிறில்லாமலும் செய்யலாம்.

கிரீஸில் நிற்கும்போது வலது காலுக்குப் பின்னால், லெக் சைடு பக்கம், ஒரு செருப்பையோ காலி அட்டைப் பெட்டியையோ வையுங்கள். செங்கல் வேண்டாம், கால் இடறும். நண்பர் ஒருவர் பத்தடி தூரத்திலிருந்து டென்னிஸ் பந்தை மெதுவாக உடம்புக்குப் போடட்டும். கால் பின்னால் போனால் பெட்டி தட்டும்; அப்போதே தெரிந்துவிடும். பெட்டி தட்டாமல் இருபது பந்து ஆடிய பிறகு வேகத்தைக் கூட்டலாம். டென்னிஸ் பந்திலேயே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அடிபட்டாலும் வலிக்காது என்று உடம்பு நம்பினால்தான் கால் நிற்கும். நேராகக் கார்க் பந்தில் ஆரம்பித்தால் பழைய பயமே இன்னும் கெட்டியாகும்.

இன்னொன்று, பேட் இல்லாமலே செய்வது. பாதங்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, எடையைக் குதிகாலில் போடாமல் பாதத்தின் முன்பகுதியில் நிறுத்தி நிற்க வேண்டும். பிறகு இடது காலை முன்னால் வைத்து டிரைவ் ஆடுவது போலச் செய்து, அந்த நிலையிலேயே மூன்று நொடி அசையாமல் நிற்க வேண்டும். தள்ளாடினால் தலை எங்கேயோ விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மொட்டை மாடியில், வெறுங்காலில், ஒரு பைசா செலவில்லாமல் செய்யலாம்.

கரிசல் மைதானத்தில் ஆடுபவர்களுக்கு ஒரு சிக்கல் கூடுதலாக இருக்கிறது. வெடிப்பில் பட்ட பந்து தாறுமாறாகப் போகும். ஒரு தடவை விலாவில் வாங்கியவன் அடுத்த பந்துக்குக் காலை இழுக்கத்தான் செய்வான். அவனைக் கிண்டல் பண்ணாமல் ஒரு பழைய மேட்டை விரித்துப் பந்து போடுவது பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். மழை குறைவான, வறண்ட பூமி என்பதால்தான் சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன. அதே காரணத்தால் வருடத்தில் பெரும்பாலான நாள் அங்கே கிரிக்கெட் ஆட முடியும். இங்கிலாந்தில் ரஞ்சிக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

லார்ட்ஸ் மறுத்தது, மான்செஸ்டர் அழைத்தது

கால் சரியானாலும் கேம்பிரிட்ஜ் அணியில் இடம் உடனே கிடைக்கவில்லை. 1892-ல் கேப்டன் எஃப்.எஸ்.ஜாக்சன் அவரை எடுக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஜாக்சன் ஓர் அணியோடு இந்தியாவுக்கு வந்து ஆடினார். இந்தியர்கள் ஆடுவதை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பியவர், 1893-ல் ரஞ்சியை அணியில் சேர்த்தார். கேம்பிரிட்ஜ் கிரிக்கெட்டில் ப்ளூ என்ற கௌரவம் பெற்ற முதல் இந்தியர் ரஞ்சி.

1895-ல் சசெக்ஸ் கவுண்டி அணிக்கு முதல் மேட்ச். லார்ட்ஸில் எம்.சி.சி.க்கு எதிராக 77 நாட் அவுட், 150. சட்டையின் கை மணிக்கட்டு வரை பட்டன் போட்டு, பட்டுத்துணி காற்றில் படபடக்க அவர் ஆடுவதைப் பார்க்கவே கூட்டம் வந்தது.

அடுத்த வருடம் ஆஸ்திரேலியா இங்கிலாந்துக்கு வந்தது. ரஞ்சி ரன் குவித்துக்கொண்டிருந்தார். ஆனால் லார்ட்ஸில் நடந்த முதல் டெஸ்ட்டில் அவர் பெயர் இல்லை. அந்தக் காலத்தில் எந்த மைதானத்தில் டெஸ்ட்டோ, அந்த மைதான நிர்வாகம்தான் அணியைத் தேர்வு செய்யும். லார்ட்ஸில் செல்வாக்காக இருந்த லார்ட் ஹாரிஸ், இங்கே பிறக்காதவர் இங்கிலாந்துக்கு ஆடக்கூடாது என்று நினைத்ததாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், ஹாரிஸ் பிறந்ததே டிரினிடாட் தீவில்.

இரண்டாவது டெஸ்ட் மான்செஸ்டர் ஓல்டு டிராஃபோர்டில். அங்கே லங்காஷயர் நிர்வாகம் ரஞ்சியை அழைத்தது. ஆஸ்திரேலிய கேப்டனும் ஆட்சேபம் சொல்லவில்லை. 1896 ஜூலை 16-ல் தொடங்கிய அந்த மேட்ச்சில் முதல் இன்னிங்ஸில் 62. ஃபாலோ ஆன் ஆகி இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து தடுமாறியபோது 154 நாட் அவுட். கடைசி நாள் மதிய உணவுக்கு முன்பாக மட்டும் 113 ரன். எதிரில் பந்து போட்டவர்களில் எர்னி ஜோன்ஸும் உண்டு. அந்தக் காலத்தின் படுவேகமான பவுலர்களில் ஒருவர். கேம்பிரிட்ஜில் வேகத்தைப் பார்த்துக் காலை இழுத்தவர், இங்கே அந்த வேகத்தையே பின்னால் தட்டி ரன் எடுத்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்து 3 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. ஆனாலும் டபிள்யூ.ஜி.கிரேஸுக்குப் பிறகு முதல் டெஸ்ட்டிலேயே சதமடித்த இரண்டாவது இங்கிலாந்து வீரர் என்ற பெயர் ரஞ்சிக்குக் கிடைத்தது.

அதே வருடம் ஆகஸ்ட் 22-ல் ஹோவ் மைதானத்தில் யார்க்‌ஷயருக்கு எதிராக ஒரே நாளில் இரண்டு சதம் அடித்தார்: 100, அப்புறம் 125 நாட் அவுட். சீசன் முடியும்போது 2,780 ரன். கிரேஸ் 1871-ல் வைத்திருந்த 2,739 ரன் சாதனை உடைந்தது.

3,159 ரன்னும் 19 ரன்னும்

1897 டிசம்பரில் சிட்னி டெஸ்ட். தொண்டையில் கட்டியோடு காய்ச்சலாகக் கிடந்தார் ரஞ்சி. மழையால் மேட்ச் தள்ளிப்போனதால் எழுந்து நிற்கும் அளவுக்குத் தேறினார். 7-வது ஆளாக இறங்கி 175 அடித்தார். அதே வருடம்தான் விக்டோரியா மகாராணி வைரவிழாவையொட்டி கிரிக்கெட் பற்றி ஒரு தடிமனான புத்தகமும் வெளியிட்டிருந்தார். எழுத்துவேலையில் நண்பர் சி.பி.ஃப்ரைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்காலில் ஆடுவதன் அருமையைப் பற்றி அதில் விரிவாக இருக்கிறது.

1899-ல் 3,159 ரன். ஒரே சீசனில் 3,000-ஐத் தாண்டிய முதல் ஆள். அடுத்த வருடம் மறுபடி 3,065. 1901-ல் சாமர்செட்டுக்கு எதிராக 285 நாட் அவுட், இதுதான் அவரது அதிகபட்சம்.

இந்த எண்களைப் பார்த்தால் வாழ்க்கை ஜம்மென்று போனது போலத் தெரியும். உண்மை அப்படி இல்லை. கேம்பிரிட்ஜ் காலத்திலிருந்தே கடன். இளவரசர் என்று ஊர் அழைத்தது. ஆனால் அவருக்கு நாடு இல்லை. பந்து போட்ட பெரிய பவுலர்களுக்குக் கொடுத்த காசும் இந்தக் கணக்கில் சேரும். திறமையை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வந்தவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. பயத்தைப் போக்கிக்கொள்ள இங்கிலாந்தின் சிறந்த பவுலர்களை வாடகைக்கு எடுக்கிற வசதி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

1902 அவரை உலுக்கிப் போட்டது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 3 டெஸ்ட், 4 இன்னிங்ஸ்: 13, 0, 2, 4. மொத்தம் 19 ரன். அணியிலிருந்து போனவர், திரும்ப இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. 15 டெஸ்ட்டில் 989 ரன், சராசரி 44.95. ஆயிரத்துக்கு 11 ரன் குறைவு.

ஒரு கண்ணோடு மறுபடி மைதானத்தில்

நவாநகரில் விபாஜி 1895-ல் இறந்தபோது, அவருக்கு 1882-ல் பிறந்த மகன் அரியணை ஏறினார். ரஞ்சி தன் உரிமைக்காக மனு மேல் மனு போட்டும் பலன் இல்லை. அந்த இளம் மன்னர் 1906-ல் இறந்தார். 1907 மார்ச்சில் ரஞ்சி நவாநகரின் ஜாம் சாகேப் ஆனார். பத்து வயதில் கைவிட்டுப் போன இடம், 34 வயதில் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு 1908-லும் 1912-லும் மட்டும் சசெக்ஸுக்காக வந்து ஆடினார்.

முதல் உலகப் போரில் பிரான்ஸ் போர்முனைக்குப் போனார். ஆனால் அவருக்குக் காயம் பட்டது போரில் இல்லை. 1915 ஆகஸ்ட்டில் யார்க்‌ஷயரில் பறவை வேட்டைக்குப் போனபோது, பக்கத்தில் இருந்தவர் சுட்ட குண்டு தெறித்து வலது கண் போனது.

பேட்டிங்கில் கால் எங்கே போக வேண்டும் என்று சொல்வது கண்தான். பந்து எங்கே பிட்ச் ஆகும் என்று கண் கணிக்கும். அதற்கேற்ப கால் முன்னாலோ பின்னாலோ போகும். தூரத்தைச் சரியாகக் கணிக்க இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அப்படியிருந்தும் 1920-ல், 48-வது வயதை நெருங்கும்போது, உடம்பு பெருத்துப்போய், ஒரு கண்ணோடு ரஞ்சி சசெக்ஸுக்காக 3 மேட்ச் ஆடினார். மொத்தம் 39 ரன். ஒற்றைக் கண்ணோடு பேட்டிங் செய்வது பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணத்தில்தான் இறங்கினார் என்பார்கள். அந்தப் புத்தகம் வரவில்லை.

அவர் செய்ய நினைத்ததை வேறொருவர் செய்து காட்டினார். 1961-ல் ரஞ்சியின் அதே ஹோவ் ஊரில் கார் விபத்தில் மன்சூர் அலிகான் பட்டோடியின் வலது கண் பார்வை போனது. அவர் தன் ஸ்டான்ஸை மாற்றி, தொப்பியை வலது கண் மறையும்படி இழுத்துவிட்டு ஆடப் பழகினார். விபத்து நடந்து சில மாதங்களிலேயே, 1962 ஜனவரியில், சென்னையில் இங்கிலாந்துக்கு எதிராக 103 அடித்தார்.

மன்னராக ரஞ்சி ஜாம்நகரைப் புதுப்பித்தார், பேடி துறைமுகத்தை வளர்த்தார். ஜெனீவாவில் சர்வதேச சங்கக் கூட்டங்களில் இந்தியப் பிரதிநிதியாக உட்கார்ந்தார். 1922-ல் அவர் அங்கே போன அதே வருடம்தான், சிவகாசியிலிருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள் என்பது சும்மா ஒரு கூடுதல் தகவல்.

இந்தியாவுக்கு என்ன செய்தார்?

இதற்குப் பதில் சங்கடமானது. இந்திய கிரிக்கெட்டுக்காக ரஞ்சி பெரிதாக எதுவும் செய்யவில்லை. தன்னை இங்கிலாந்து வீரராகவே நினைத்தார். சகோதரர் மகன் துலீப்சிங்ஜியும் அப்படியே இருக்க வேண்டும் என்று விரும்பினார். துலீப் இங்கிலாந்துக்காக 12 டெஸ்ட் ஆடினார். 1930-ல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 173 அடித்தார். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932-ல். ரஞ்சி அப்போது உயிரோடு இருந்தார். அந்த அணியை உருவாக்கியதில் அவர் கை இல்லை.

ஆனாலும் லார்ட்ஸ் கதவு ஒருமுறை மூடப்பட்ட ஆள் அவர். உள்ளே போன பிறகு அதே கதவை மற்றவர்களுக்காகத் திறந்துவிடவில்லை என்ற குறையை அவர் ரசிகர்களே மறைப்பதில்லை. அது வேறு காலம், பிரிட்டிஷ் தயவு இல்லாமல் எந்த சமஸ்தானமும் நிற்க முடியாது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். பாதி உண்மை அதில் இருக்கிறது.

1933 ஏப்ரல் 2-ல் ஜாம்நகரில் ரஞ்சி இறந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. முதல் தரக் கிரிக்கெட்டில் 24,692 ரன், 72 சதம், சராசரி 56.37.

சேப்பாக்கத்தில் தொடங்கிய ரஞ்சி டிராபி

அடுத்த வருடமே பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங் முயற்சியில் அவர் பெயரில் கோப்பை வந்தது. இந்தியாவில் ஒரு ரஞ்சி டிராபி மேட்ச்கூட ஆடாதவர் பெயரில்தான் ரஞ்சி டிராபி நடக்கிறது.

முதல் மேட்ச் நடந்தது நம்ம சேப்பாக்கத்தில். 1934 நவம்பர் 4, மெட்ராஸுக்கும் மைசூருக்கும். முதல் பந்தைப் போட்டவர் எம்.ஜே.கோபாலன். மைசூர் 48-க்கு ஆல் அவுட். மெட்ராஸ் 130. மறுபடி மைசூர் 59. ஏ.ஜி.ராம்சிங் மட்டும் 11 விக்கெட். ஒரே நாளில் மேட்ச் முடிந்துவிட்டது. மைசூர் பேட்ஸ்மேன்களின் கால்கள் அன்று எங்கே போயின என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மெட்ராஸ் என்ற பெயரில் 1954-55-லும், தமிழ்நாடு என்ற பெயரில் 1987-88-லும் கோப்பை நம் பக்கம் வந்திருக்கிறது.

இப்போது ரஞ்சி மேட்ச் பார்க்க சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் நடந்திருக்கிறது; விருதுநகரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். அப்படிப் போகிறவர்கள் பவுலருக்குப் பின்னால் உட்காராமல், ஸ்கொயர் லெக் பக்கம் இடம் பிடிக்கலாம். பந்தை விட்டுவிட்டு ஒரு ஓவர் முழுக்க பேட்ஸ்மேனின் பின்காலை மட்டும் பார்த்தால், டி.வி.யில் காட்டாத ஆட்டம் ஒன்று அங்கே தெரியும்.